மேடையின் முதல் இரண்டு விநாடி

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடையைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் திருவிழா மேடைகளுக்குக் குறைவிருக்காது. இன்னிசைக் கச்சேரி மேடையில் பெரும்பாலான பாடல்கள் ஒரே விதமாகத்தான் பிறக்கின்றன. டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்கிறார். அடுத்த அடியில் கீபோர்டு, பேஸ் கிதார், தபலா எல்லாம் சேர்ந்து இறங்குகின்றன. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் இந்த எண்ணிக்கைக்கு ஆகும் நேரம் இரண்டே விநாடி. நான்கரை நிமிடப் பாட்டு எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் அதற்குள் முடிவாகிவிடுகிறது.

நம் பழைய மேடைகளுக்கு இந்த வழக்கம் தேவைப்பட்டதில்லை. கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகர் கீர்த்தனையை எடுப்பார். மிருதங்கக்காரர் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டு சேர்வார். கோயில் மேளத்தில் நாகசுரக்காரர் எடுக்க, தவிலும் கைத்தாளமும் பின்தொடரும். ஒருவர் முன்செல்ல மற்றவர் சேரும் இசைக்கு எண்ணிக்கை எதற்கு? திரைப்பாடல் அப்படியல்ல. பாடகர் வாய் திறக்குமுன்பே பல வாத்தியங்கள் ஒரே கணத்தில் முகப்பிசையைத் தொடங்க வேண்டும். பின்தொடர ஒரு குரல் அங்கே இருக்காது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தக் கணத்தைக் கையசைத்துக் கொடுக்க ஒரு நடத்துநர் இருந்தார். இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், குழுவை நடத்தும் வேலையையும் செய்தார். 'நிழல்கள்' (1980) படத்தின் 'மடை திறந்து' பாடலில் திரையிலும் டிரம்ஸுடன் தோன்றியவர் அவர். ஊர் மேடையில் நடத்துநர் என்று தனியாக ஒருவர் கிடையாது. அந்தப் பொறுப்பு முழுவதும் டிரம்மர் தலையில் விழுகிறது.

இந்த முறையின் பலம் அதன் எளிமை. வேகம் என்ன, எங்கே தொடங்குவது என்ற இரண்டையும் ஒரே செயலில் சொல்லிவிடுகிறது. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் குச்சிச் சத்தம் கேட்கும்; கேட்காதவருக்கும் உயர்த்திப் பிடித்த குச்சி கண்ணில் படும். விழாக் காலத்தில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர், ஒத்திகை இல்லாமல், அன்று மாலைதான் வந்து சேர்வது சாதாரணம். அப்படி வந்தவரையும் குழுவோடு கட்டிப்போட இதைவிட எளிய வழி இல்லை.

குறை எங்கே என்றால், உரத்த குரலைத் துணிவு என்று நினைத்துக்கொள்வதில்.

நியூயார்க்கில் 1974-இல் தொடங்கிய ரமோன்ஸ் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் டீ டீ ரமோன், ஒவ்வொரு பாட்டுக்கும் "ஒன் டூ த்ரீ ஃபோர்" என்று கத்துவதற்குப் பேர்போனவர். அந்தக் கத்தலுக்கும் பின்னால் வரும் பாட்டின் வேகத்துக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. 2,000க்கும் மேற்பட்ட கச்சேரிகளில் அதே பாணிப் பாடல்களைத் திரும்பத் திரும்ப வாசித்த குழு என்பதால் அது அவர்களைக் கவிழ்க்கவில்லை. ஒரே இரவில் மெலடியும் குத்துப்பாட்டும் மாறிமாறி வாசிக்கும் மதுரைக் குழுவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மேடைச் சூடு எண்ணிக்கையை ஓடவைக்கும். 120-இல் போக வேண்டிய பாட்டை 126-இல் எண்ணிவிட்டால் நான்கரை நிமிடப் பாட்டு ஏறக்குறைய 13 விநாடி முன்னதாக முடியும். கேட்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது, பாடகருக்குத் தெரியும். சரணத்தில் மூச்செடுக்க இருந்த இடைவெளிகள் சுருங்கி, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. நான்கு தட்டுகள் அடியின் இடைவெளியைச் சொல்கின்றன. அடிக்குள் என்ன நடை என்று சொல்வதில்லை. தெம்மாங்குச் சாயல் கொண்ட பாடல்கள் பல திஸ்ர நடையில், அடிக்கு மூன்று மூன்றாக ஓடுபவை. எண்ணிக்கையை மட்டும் கேட்டவர் அதைச் சதுஸ்ரமாக, நான்கு நான்காக எடுத்துக்கொண்டால் முதல் வரியிலேயே உரசல். இதற்கான மருந்து நம்மிடமே இருக்கிறது. நான்காவது எண்ணுக்குப் பதில் "தகிட" என்றோ "தகதிமி" என்றோ ஒரு சொல்லைச் சொன்னால் வேகமும் நடையும் சேர்ந்தே போய்விடும். தவிலும் மிருதங்கமும் கற்பவர்கள் பாலபாடமாகச் சொல்லும் சொற்கட்டு இது. டிரம்ஸ் மேடைக்கு அது வராமலிருப்பது பெரிய இழப்பு.

பாட்டு தாளத்தில் தொடங்கும் இடமான எடுப்பும் அப்படித்தான். தாளத்தின் முதல் அடியான சமத்தில் விழாமல் அரை அடி தள்ளியோ முன்னதாகவோ தொடங்கும் பாட்டுக்கு வெறும் நான்கு எண்ணினால் போதாது. மெதுவான பாட்டுக்கும் அதே நிலைதான். அனுபவமுள்ளவர்கள் இரண்டு சுற்று எண்ணுகிறார்கள்: முதல் சுற்றில் "ஒன்", "டூ" என்று அகலமாக, இரண்டாவதில் நான்கும் நெருக்கமாக. இதற்குக் கூடுதலாகச் செலவாவது சில விநாடிதான்.

இப்போது பல குழுக்கள் காதில் மட்டும் ஒலிக்கும் கிளிக் சத்தத்தை நம்புகின்றன. ரோலண்டு நிறுவனம் 1985-இல் ஆக்டாபேடைக் கொண்டுவந்தபின் பரவிய மின்னணுத் தாளக் கருவிகளோடு, முன்பே பதிவுசெய்த டிராக்குகளும் மேடைக்கு வந்துவிட்டன. வேகம் பிசகாது என்பது உண்மையான லாபம். ஆனால் பாடகர் ஒரு சுற்று தாமதமாக எடுத்தால் டிராக் காத்திருக்காது. கூட்டம் கேட்கிறது என்று பல்லவியை இன்னொரு முறை பாடினாலும் விட்டுக்கொடுக்காது. கிளிக்கிலேயே வளர்ந்த டிரம்மருக்குப் பாடகரின் தோளையும் உதட்டையும் பார்த்து வாசிக்கும் பழக்கம் அமைவது கடினம்.

துணிவான எண்ணிக்கை அதற்கு முந்தைய மௌனத்தில் உருவாகிறது. குச்சியைத் தூக்குமுன் பல்லவியை மனசுக்குள் ஒரு வரி பாடிப் பார்ப்பவர் வேகத்தை ஊகிக்க வேண்டியதில்லை. முகப்பிசையைவிட, பாடகர் பாடும் வரிதான் சரியான அளவுகோல். பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே அதன் வேக எண்ணைக் குறித்துவைத்து, கைபேசி மெட்ரோனோமின் ஒளியை ஒருமுறை பார்த்துக்கொண்டால் மேடைச் சூட்டையும் கட்டுப்படுத்தலாம். கிளிக்கை அப்படி எண்ணுவதற்கு முன்னே மட்டும் கேட்டுவிட்டு, பாட்டு தொடங்கியதும் அணைத்துவிடுவது, இரண்டு முறைகளின் நன்மையையும் காப்பாற்றும். எப்படி எண்ணப்போகிறோம், எந்தச் சொல்லைச் சொல்லப்போகிறோம் என்று பேஸ் கிதாரோடும் பாடகரோடும் ஒத்திகையிலேயே பேசி முடித்துக்கொள்ளும் குழுவுக்கு, விழா இரவில் புதிதாக வந்து சேரும் கலைஞரிடம் சொல்லவேண்டியதும் அந்த ஒரே ஒரு சொல்தான்.