லூயிஸ் வில்சன்: வசையும் வளர்ப்பும்

2014 மே 16 அன்று ஃபேஷன் ஆசிரியர் லூயிஸ் வில்சன் ஸ்காட்லாந்தில் தூக்கத்திலேயே காலமானார். வயது 52. அதன்பின் வந்த அஞ்சலிகளை ஒருசேரப் படித்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். எழுதியவர்களிலும் பேசியவர்களிலும் பலர் அவரிடம் நன்றாக வசை வாங்கியவர்கள். வாங்கியதை அவர்கள் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார்கள். வகுப்பில் அழுததையும், மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்ததை அவர் ஒரு பார்வையில் ஒதுக்கித் தள்ளியதையும் விவரித்துவிட்டு, அவர் இல்லாவிட்டால் நான் இன்று இங்கே இல்லை என்ற இடத்தில் வந்து நின்றார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

தமிழ் வாசகருக்கு வில்சன் பெயர் புதிதாக இருந்தால் வியப்பில்லை. அவர் பெயரில் புகழ்பெற்ற கடை இல்லை, சட்டையின் கழுத்தில் தைத்த பெயர்ச்சீட்டு இல்லை. கேம்பிரிட்ஜில் பிறந்து, ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் வளர்ந்து, லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் 1986இல் ஃபேஷன் முதுகலை முடித்தவர். சில காலம் நிறுவனங்களுக்கு உடை வடிவமைத்தார். 1992இல், தாம் படித்த அதே முதுகலைப் படிப்புக்குத் தலைமைப் பொறுப்பேற்றார். அதற்குள் கல்லூரி வேறொன்றோடு இணைந்து சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் ஆகியிருந்தது. 90களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் டோனா கரன் நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பும் வந்தது. அப்போதும் கல்லூரித் தொடர்பை விடவில்லை. கிம் ஜோன்ஸ், ஜோனதன் சாண்டர்ஸ், ரொக்சாண்டா இலின்சிக், கிறிஸ்டோபர் கேன், மேரி கட்ரான்ட்ஸு, சிமோன் ரோஷா, கிரெய்க் கிரீன் எல்லோரும் அவர் கைவழி வந்த வடிவமைப்பாளர்கள். ஒரு கட்டத்தில் லண்டன் ஃபேஷன் வாரத்தின் நிகழ்ச்சி நிரலைப் படிப்பது அவருடைய வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோல இருந்தது. 2008இல் பிரிட்டிஷ் அரசு ஓபிஇ பட்டம் கொடுத்தது.

அவருடைய கற்பித்தல் முறைக்கு மையம், மாணவர்கள் 'கிரிட்' என்று சொல்லும் விமரிசன அமர்வு. இது வில்சன் கண்டுபிடித்ததல்ல. மேற்கத்தியக் கலைக் கல்லூரிகள் பலவற்றிலும் உள்ளதுதான். மாணவர் தம் வரைபடங்களையும் துணித் துண்டுகளையும் மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் ட்வால் இருக்கும். நல்ல துணியில் கத்தரி வைக்குமுன் மலிவான காடாத் துணியில் தைத்துப் பார்க்கும் முன்மாதிரிக்கு அந்தப் பெயர். ஒருவர் அதை உடுத்தி நிற்க, ஆசிரியர் சுற்றி வந்து பார்ப்பார். தோள் ஏன் இங்கே இறங்குகிறது? இந்த மடிப்புக்கு இங்கே என்ன வேலை? இதே யோசனையை ஏற்கெனவே வேறொருவர் செய்துவிட்டாரே, தெரியுமா? தெரியாது என்று சொன்னால் ஒரு குற்றம், தெரிந்தே செய்தேன் என்றால் இன்னொரு குற்றம். மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வழக்கமாகக் கறுப்பே உடுத்தும் அந்தப் பெண்மணியின் வாயிலிருந்து வரும் சொற்களில் அச்சிட முடியாதவை நிறைய.

இரவல் யோசனைதான் அவர் பெரிதும் வெறுத்தது. எல்லோரும் ஒரே இணையப் படங்களைப் புரட்டிவிட்டு ஒரே மாதிரி யோசிக்கிறார்கள் என்று கடைசி ஆண்டுகளில் பேட்டிகளில் குறைபட்டுக்கொண்டார். நூலகத்துக்குப் போ, பழைய உடைகளைக் கையில் எடுத்துப் பார், துணியை அறி என்பது அவர் கட்சி. இதில் பழைய தலைமுறையின் சலிப்பும் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முறை என்ன விளைவித்தது என்று உடைகளை வைத்தே பார்க்கலாம். கேன் 2006இல் படிப்பை முடித்து வந்ததும் கண்ணைப் பறிக்கும் நியான் நிறங்களில் உடம்போடு ஒட்டிய எலாஸ்டிக் உடைகளைக் கொண்டுவந்தார். கட்ரான்ட்ஸு நகைகளையும் வாசனைத் திரவியக் குப்பிகளையும் துணியில் கண்ணை ஏமாற்றும் அச்சாக ஆக்கினார். சிமோன் ரோஷாவிடம் முத்தும் மெல்லிய வலைத்துணியும். கிரெய்க் கிரீன் தொழிலாளர் மேலாடையைப் பஞ்சு வைத்துத் தைத்து, நாடாக்கள் தொங்கவிட்டு, ஆண்களின் உடுப்பையே வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனார். இந்த நால்வரின் உடைகளைப் பெயர்ச்சீட்டு இல்லாமல் ஒரே கம்பியில் மாட்டினால் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் என்று எவராலும் சொல்ல முடியாது.

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வடிவமைப்பாளர் ஆசிரியரானால் பொதுவாக நடப்பது இதற்கு நேர்மாறு: மாணவர்களிடம் அவருடைய கோடு, அவருடைய நிறம், அவருடைய கழுத்து வெட்டு பத்து வருஷத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். வில்சனிடம் தமக்கென்று ஒரு பாணியைப் பரப்பும் ஆசை இல்லாமல் இருந்தது, அல்லது இருந்தும் அடக்கிக்கொண்டார். எதிரில் நிற்பவருக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டுவதிலேயே அவருடைய நேரம் போனது. அந்தத் தோண்டுதலுக்குப் பெயர் கவனம். மாணவர் போன வாரம் என்ன வரைந்தார், ஏன் அதைக் கைவிட்டார், இந்த வாரம் ஏன் பயந்து பாதுகாப்பான இடத்துக்குப் போகிறார் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்ததாக மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அஞ்சலிகளில் வசைக் கதைகளுக்கு அடியில், ஏறக்குறைய ஒவ்வொன்றிலும், இந்தக் கவனத்தைப் பற்றி ஒரு வரியாவது கிடக்கிறது. ஆனால் தலைப்புக்கு ஏறியது வசைதான். சுவையான கதை அதில்தானே இருக்கிறது.

இன்னொன்றும் வேலை செய்தது. அதைப் பற்றி அஞ்சலிகள் அதிகம் பேசுவதில்லை. அந்தப் படிப்பு ஒரு வாசல். பிப்ரவரியில் நடக்கும் லண்டன் ஃபேஷன் வாரத்தின் முறையான நிகழ்ச்சி நிரலில் அந்த முதுகலை மாணவர்களின் உடைக் காட்சிக்கு இடம் உண்டு. முன்வரிசையில் பத்திரிகை ஆசிரியர்களும் கொள்முதல் செய்பவர்களும் பெரிய நிறுவனங்களுக்கு ஆள் தேடுபவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் உள்ள எல்லோரும் மேடை ஏறிவிட முடியாது; தேர்வு உண்டு. பாரிஸிலும் மிலானிலும் உள்ள வடிவமைப்புக் கூடங்களோடு வில்சனுக்கு இருந்த பழக்கம் மாணவர்களுக்கு வேலையாகக் கனிந்தது. இப்படிப்பட்ட வாசலில் நிற்பவர் மெதுவாகப் பேசினாலும் மாணவர் நடுங்கத்தான் செய்வார். வில்சனின் குரலுக்கு இருந்த வலு முழுவதும் அவருடைய தொண்டையிலிருந்து வரவில்லை.

ஆக, மூன்று பொருள்கள் கலந்து கிடக்கின்றன: கவனம், வாசல், வசை. முதலிரண்டும் பலன் தந்தன என்பதற்கு ஆதாரம் காட்டலாம். மூன்றாவது தந்ததா?

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்பவர் எப்போதும் அடி வாங்கித் தேறியவராகவே இருப்பார். வில்சனைப் பற்றிய சாட்சியமும் இதே வகைதான். 2015 பிப்ரவரியில் ஃபேஷன் வாரத்தின்போது லண்டன் புனித பவுல் பேராலயத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. ஓர் ஆசிரியருக்கு அந்தப் பேராலயம் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அப்படிப்பட்ட கூட்டத்துக்கு வருபவர்கள் யார்? அந்தத் துறையிலேயே நிலைத்தவர்கள். நடுவில் படிப்பை விட்டுப் போனவர், காட்சியில் இடம் கிடைக்காமல் துணியைத் தொடுவதையே நிறுத்தியவர், வேறு ஆசிரியரிடம் போயிருந்தால் நல்ல வடிவமைப்பாளர் ஆகியிருக்கக்கூடியவர், இவர்களிடம் எந்தப் பத்திரிகையும் அஞ்சலிக் கட்டுரை கேட்பதில்லை. தேறியவர்களின் நன்றி உண்மையானது. முறைக்கு அது சான்றிதழ் ஆகாது. வில்சனின் வாழ்க்கையை நாளை யாராவது முழுமையாக எழுத வந்தால், புகழ்பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை மூடிவைத்துவிட்டு அந்தப் படிப்பின் சேர்க்கைப் பதிவேட்டைத் திறக்கட்டும்.

தேறியவர்களிலும் புகழ்பெற்ற ஒரு பெயரைச் சற்றுத் தள்ளிவைக்க வேண்டும். வில்சனைப் பற்றிய குறிப்புகளில் அனேகமாக முதலில் வரும் பெயர் அலெக்சாண்டர் மெக்வீன். அவர் அந்த முதுகலையை முடித்து வெளியேறியதே வில்சன் தலைமை ஏற்ற 1992இல்தான். வேலை கேட்டுக் கல்லூரிக்கு வந்த அந்தத் தையல் கலைஞரிடம், இங்கேயே படியுங்கள் என்று இடம் கொடுத்தவர் பாபி ஹில்சன், 1978இல் அந்தப் படிப்பை ஆரம்பித்தவர். சாவில் ரோ தையற்கடைகளில் ஏற்கெனவே கத்தரி பழகிய கை அது. கல்லூரிக் கட்டணத்துக்கு அத்தை உதவினார். பட்டமளிப்புக் காட்சியின் உடைகளை ஃபேஷன் பத்திரிகை ஆசிரியர் இசபெல்லா புளோ 5,000 பவுண்டுக்கு வாங்கினார். இத்தனை பேர் சேர்ந்து தூக்கிவிட்ட ஒருவரை, மாணவர் பட்டியலில் முதல் பெயராக வைத்து ஓர் ஆசிரியரின் முறையை நியாயப்படுத்துவது நினைவுகூர்தலின் சோம்பேறித்தனம். வில்சனுக்கு அந்தக் கடன்வாங்கிய பெருமை தேவையும் இல்லை. கேனும் ரோஷாவும் கிரீனும் போதும்.

வில்சனின் பக்கம் உறுதியாக நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பணம். மெக்வீன் டாக்சி ஓட்டுநரின் மகன். கேன் ஸ்காட்லாந்தின் பழைய சுரங்கப் பகுதியில் உள்ள சிற்றூரிலிருந்து வந்தவர். இப்படிப்பட்ட பிள்ளைகள் இனி வர முடியுமா என்ற கவலை வில்சனிடம் இருந்தது. 2012இல் இங்கிலாந்தில் இளங்கலைக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தது. முதுகலைக்கு அரசுக் கடன் திட்டம் 2016இல்தான் வந்தது, அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. இடையில் நிறுவனங்களின் உதவித்தொகையை நம்பித்தான் பலர் படித்தார்கள். 2011இல் கல்லூரி, துணிக்கடைகளுக்கு நடக்கும் தொலைவிலிருந்த சேரிங் கிராஸ் சாலைக் கட்டடத்தை விட்டு, கிங்ஸ் கிராஸில் ஒரு பழைய தானியக் கிடங்கைப் புதுப்பித்துக் குடியேறியது. புதிய வளாகம் அவருக்குப் பிடிக்கவில்லை, அதையும் வழக்கம்போல் உரக்கவே சொன்னார். நிர்வாகத்தின் முன்னாலும் மாணவர் முன்னாலும் ஒரே குரலில் பேசியவர் என்பது அவருடைய வசைக்கு ஒரு நேர்மையைத் தருகிறது. மேலே குழைந்து கீழே உறுமும் பேராசிரியர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

ஆனால் அதே கட்டண உயர்வு அவருடைய முறையின் காலடி மண்ணையும் அரித்தது. கட்டணம் குறைவாக இருந்தபோது திட்டு வாங்கிய மாணவர் வேறு, கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு நிற்கும் மாணவர் வேறு. வெளிநாட்டிலிருந்து இன்னும் பெரிய தொகை கட்டி வருபவருக்கு, ஆங்கில வசைச் சொல்லின் பாசம் எது, வெறுப்பு எது என்று பிரித்தறியும் காதும் இருக்காது. மாணவரை வாடிக்கையாளராக்கியது கல்லூரிகளின் தவறு; அப்படி ஆக்கியபின் அவர் புகார் கொடுப்பது தவறே இல்லை.

அவருடைய பாடத்தில் இருந்த பெரிய ஓட்டை வேறு. சொந்தப் பார்வையைத் தோண்டி எடுக்கச் சொன்ன படிப்பு, அந்தப் பார்வையை வைத்துக் கடை நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஜோனதன் சாண்டர்ஸ் 2015இல் தம் நிறுவனத்தை மூடினார். கேனின் நிறுவனத்தில் 2013இல் பிரெஞ்சு சொகுசுப் பொருள் குழுமமான கெரிங் 51 சதவீதப் பங்கு வாங்கியது, 2018இல் விலகியது, 2023இல் நிறுவனம் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. பிரெக்சிட்டும் பெருந்தொற்றும் மொத்த வியாபாரத்தின் சரிவும் காரணங்களில் அடக்கம். இறந்த ஆசிரியரின் தலையில் இவற்றைக் கட்டுவது அநியாயம். பெரிய நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகும்படி அவர் தம் மாணவர் பலரை அனுப்பியும் வைத்தார். இருந்தாலும் லண்டனில் 22 வயதிலும் 25 வயதிலும் சொந்தப் பெயர்ச்சீட்டோடு மேடை ஏறுவதே வெற்றி என்ற கனவை ஊதிப் பெருக்கியதில் அந்த பிப்ரவரி இரவுகளுக்குப் பங்கு உண்டு.

அவரைப் பின்பற்ற நினைக்கும் ஆசிரியர்கள் உலகெங்கும் உண்டு. ஃபேஷன் கல்லூரிகள் பெருகிய நம் நாட்டிலும் உண்டு. அவர்கள் கைக்கு எளிதில் எட்டுவது வசைதான். வாசலை அவர்களால் கட்ட முடியாது. அது லண்டனும் பல பத்தாண்டுகளும் சேர்ந்து கட்டியது. கவனத்துக்கோ ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஒரு மாணவரின் காடாத் துணிக் கோட்டை ஓர் ஆசிரியர் அரைமணி நேரம் சுற்றி வந்து பார்ப்பதற்கு, வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கல்லூரி நிர்வாகங்களின் வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டு விழுவது அந்த அரைமணி நேரத்தில்தான்.