நிறைவுறாத தோம்பு: வீடிழந்தோர் வரைந்த வீடுகள்

உள்நாட்டுப் போரைக் கடந்த சமூகத்தில் எதிர்ப்புக் கலை ஆறாத காயத்தைக் கிளறுவது என்றும், நல்லிணக்கக் கலை அதை ஆற்றுவது என்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 2009 மே மாதத்தில் இலங்கைப் போர் முடிந்தபின் வெளிவந்த படைப்புகளுள், யாழ்ப்பாண ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலை ஆசிரியருமான தா. சனாதனன் உருவாக்கி, ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் 2011இல் வெளியிட்ட ‘நிறைவுறாத தோம்பு’ என்னும் ஓவிய நூல் அந்தப் பிரிவினையை ஏற்க மறுக்கிறது. இழந்ததைத் துல்லியமாகப் பதிவதே எதிர்ப்பு என்பதும், அந்தப் பதிவைத் தவிர்த்துவிட்டு நல்லிணக்கம் பேச இயலாது என்பதும் இந்நூலில் ஒரே கோட்டில் வரையப்பட்டுள்ளன.

தோம்பு என்பது போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு. எந்த நிலம் எவருக்குரியது, அதற்குரிய வரி என்ன என்பதை அரசு எழுதிவைத்த ஆவணம். அந்தப் பெயரைச் சூடி, அலுவலகக் கோப்பின் தோற்றத்தையும் ஏற்றுக்கொண்ட இந்த நூலில், எழுதுகோல் அதிகாரியின் கையிலிருந்து நிலத்தை விட்டு ஓடியவரின் கைக்கு மாறுகிறது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களைத் தேடிச் சென்று, அவர்கள் வாழ்ந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையுமாறு சனாதனன் கேட்டுக்கொண்டார். பின்னர் அதே வீடு கட்டடக்கலை வரைபடமாக ஒழுங்குபடுத்தி மீண்டும் வரையப்பட்டது. மூன்றாவதாக, அந்த நினைவுக்கு மறுமொழியாக அவரே ஓர் உலர்வண்ண ஓவியம் தீட்டினார்.

ரசிகர் நிதானித்துப் பார்க்க வேண்டியது முதல் தாளைத்தான். நினைவிலிருந்து வரையும் கைக்கு அளவுகோல் கிடையாது; நாள்தோறும் நீர் அள்ளிய கிணறு அறையைவிடப் பெரிதாகலாம், யாரும் புழங்காத மூலை வெறும் கோடாகச் சுருங்கலாம், மரமும் வேலியும் படலையும் சுவருக்கு நிகரான உறுதியோடு நிற்கலாம். இரண்டாம் தாள் அந்தக் கோணல்களை நேராக்கி, அளவும் விகிதமும் தந்து, நீதிமன்றத்திலும் காணிக் கந்தோரிலும் காட்டத்தக்க ஆவணமாக அதை மாற்றுகிறது. அப்படி மாற்றும்போதே எது வழுக்கிப் போகிறது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் கண் உடனே கண்டுகொள்ளும். உலர்வண்ண ஓவியங்களில் சில, உருவகத்தின் கனத்தைச் சற்று அதிகமாகவே சுமக்கின்றன. கலைப்பயிற்சி இல்லாதவரின் நடுங்கும் கோட்டுக்கு முன் தேர்ந்த ஓவியரின் கோடு அடங்கிப்போவதை இந்நூலின் குறையாகக் கொள்ளாமல் அதன் நேர்மையாகவே கொள்ள வேண்டும்.

இத்தோம்பில் தமிழரோடு முஸ்லிம்களின் வீடுகளும் இடம்பெறுவது முதன்மையான செய்தி. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். 1995 அக்டோபர் இறுதியில் இராணுவத்தின் முன்னேற்றத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். உயர் பாதுகாப்பு வலயங்கள் என்ற பெயரில் அரசுப் படைகள் வளைத்துக்கொண்ட காணிகள் போர் முடிந்த பின்னரும் பல்லாண்டுகள் உரியவர்களிடம் திரும்பவில்லை. வெளியேற்றியவர் எவர் என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டாலும், இழப்பு ஒரே கோப்பில் அடுத்தடுத்த தாள்களாக அமைகிறது. தன் தரப்பு இழைத்த தீங்கையும் சேர்த்துக் கோத்த இந்த அறத்துணிவு அரிது. போரை ஆராய அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தன் அறிக்கையை அளித்ததும் அதே 2011இல்தான். அந்த அறிக்கையோடு சேர்த்துப் படிக்கவேண்டிய நூல் இது.

இதற்கு முன்னோடிகள் தென்னிலங்கையிலும் உண்டு. கொழும்பின் சோதனைச் சாவடிகளில் நின்ற, இராணுவ வண்ணம் பூசிய எண்ணெய்ப் பீப்பாய்களையே கருவாக்கி, ‘பேரலிசம்’ என்னும் கலைவழியைச் சந்திரகுப்த தேனுவர 1997இல் தொடங்கினார். தென்னிலங்கைக் கிளர்ச்சிக் காலத்தில் எம்பிலிபிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பள்ளி மாணவர்களுக்காக ஜகத் வீரசிங்ஹ வடிவமைத்த நினைவிடம் நாடாளுமன்றத்திற்கு அருகில் எழுந்து, பேணுவாரின்றிச் சிதைந்து, பின்னர் அகற்றப்பட்டது. கல்லால் கட்டியதை அதிகாரத்தால் இடிக்க முடியும் என்பதைத் தமிழரும் 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது கண்டனர். தேனுவரவும் வீரசிங்ஹவும் ஓவியர் முகன்னத் காதரும் சனாதனனும் 2005 முதல் 2007 வரை ஒருவர் ஓவியத்துக்கு மற்றவர் ஓவியத்தால் மறுமொழி தந்து அஞ்சலில் அனுப்பிக்கொண்டனர். 2006 ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டு யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்ட பின்னரும் அந்த உறை ஓவியரிடமிருந்து ஓவியருக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை, நல்லிணக்கம் குறித்த எந்த மேடைப் பேச்சையும்விட மேலானதாக மதிக்கலாம்.

இலங்கைக்கு வெளியிலும் இதற்கு இணை உண்டு. கொலம்பியச் சிற்பி டோரிஸ் சால்செடோ, ஃபார்க் கிளர்ச்சியாளர்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கி, போர்க்காலப் பாலியல் வன்முறைக்குள்ளான பெண்கள் சம்மட்டியால் அடித்து உருக்கொடுத்த அச்சுகளில் வார்த்த தகடுகளைப் பொகோட்டா நகரில் 2018இல் தரையாகப் பரப்பினார். பாதிக்கப்பட்டவரைக் காட்சிப்பொருளாக்காமல் கைவினைஞராக்கிய விதத்தில் அப்படைப்பும் தோம்பும் ஒரே குலம்.

இந்த நூலை யாழ்ப்பாணத்துச் செய்தியாக மட்டும் படித்துவிட்டு மூடிவைக்கத் தமிழ்நாட்டு வாசகரால் இயலாது. தமிழ்நாட்டிலேயே, ராஜபாளையத்தை அடுத்த மொட்டமலையில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983 முதல் கடல் கடந்து வந்தோரில் மூத்த தலைமுறை மெல்ல மறைந்துவருகிறது. அவர்கள் விட்டுவந்த முற்றத்தையும் கிணற்றையும் பேரப்பிள்ளைகள் கண்டதில்லை. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் தாளும் கரிக்கோலும் எடுத்துக்கொண்டு இத்தகைய முகாம்களுக்குச் சென்று, அம்மூத்தோர் உள்ளபோதே அவர்களுடைய வீடுகளை அவர்கள் கையாலேயே வரையச் செய்து, இந்தத் தோம்பில் சேர்க்க வேண்டும்.