ஈரத் தடம் சொல்லாத சேதி

ஈரக்காலை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஊன்றிப் பார்த்து, உள்வளைவு இல்லாமல் தடம் முழுசாகப் பதிந்தால் தட்டைப் பாதம் என்று முடிவுகட்டுகிறோம். அடுத்த வேலை, வளைவைத் தாங்கும் ஷூவோ இன்சோலோ வாங்குவது. காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிப் பழகும் காரைக்குடி செக்காலைப் பிள்ளைகளுக்கு இது பெரிய கவலை. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு விண்ணப்பித்தாலோ, அங்கே மருத்துவச் சோதனையில் தட்டைப் பாதம் தகுதிக்குறைவு.

ஈரத் தடம் பார்ப்பது செலவில்லாத சோதனைதான். ஆனால் நிற்கும் பாதத்தின் வடிவத்தை மட்டும் காட்டும். ஓடும்போது அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாது. 1993இல் வெளியான அமெரிக்கக் காலாட்படை ஆய்வில், மிகத் தட்டையான பாதக்காரர்களுக்கே காயம் குறைவு. வளைவு உயர்ந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். தடம் பார்த்து ஷூ கொடுத்தும் அந்நாட்டுப் படைகளில் காயங்கள் குறையவில்லை. அதற்காக ஷூவே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2016இல் 372 பேரிடம் நடந்த ஆய்வில், பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்கு அந்தச் சாய்வைத் தடுக்கும் ஷூ பயன் தந்தது.

வெறுங்காலே மருந்து என்பாரும் உண்டு. 1992இல் வெளிவந்த இந்திய ஆய்வில் 2300 குழந்தைகளைப் பார்த்தார்கள்: காலணி போட்டவர்களில் 8.6 சதவீதம், போடாதவர்களில் 2.8 சதவீதம் தட்டைப் பாதம். இது வளரும் பாதத்தைப் பற்றிய சேதி. பழனிக்கு வெறுங்காலில் பாதயாத்திரை போய்வந்த தெம்பில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஓடினால் கதை வேறு. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்கும்.

என் பார்வையில், காலைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம். தேர்வு அறிவிப்பு வரும்வரை சும்மா இருந்துவிட்டு, வந்ததும் ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். கணுக்காலின் உள்முட்டுக்குப் பின்னால் ஓடும் தசைநாண்தான் வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. அதற்குப் பழக நாள் கொடுப்பதில்லை. இன்சோல் வலியைச் சில காலம் தணிக்கலாம். அந்தத் தசைநாணுக்கு வலு சேர்க்காது.

ஆகவே காசு செலவழிக்கும் முன் நுனிக்காலில் நின்று பாருங்கள். வளைவு எழும்பினால், வலியும் இல்லையென்றால், தாராளமாக ஓடலாம். தினமும் குதிகாலை உயர்த்தி இறக்கிப் பழகுங்கள், தூரத்தை மெல்லக் கூட்டுங்கள். வளைவு எழும்பாவிட்டாலோ, உள்கணுக்காலில் வலியும் வீக்கமும் தங்கிவிட்டாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.