சிந்துக்கரையான் செய்த குற்றமென்ன?

இத்தாலியப் பெருங்கவிஞன் தாந்தே (1265-1321) இயற்றிய 'தெய்வீக இன்பியல்' காவியத்தைப் பயின்றோம். கவிதை கொஞ்சுகிறது, மறுக்கவில்லை. நீதி கொஞ்சுகிறதா?

நரக வாயிலிலே ஓர் அறிவிப்பு. அக்கொடுஞ்சிறையை எழுப்பியவை இறைவனின் ஆற்றலும் அறிவும் அன்புமாம்! அன்பு எழுப்பிய சிறை. ஆனால் விடுதலை நாள் என்ற ஒன்று அங்கே இல்லை.

முதல் வட்டத்திலே யார் இருக்கிறார்கள்? கொலைஞரா, கொள்ளைக்காரரா? ஓமர் இருக்கிறார். சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் இருக்கிறார்கள். வதை இல்லை, ஆனால் என்றும் நிறைவேறாத ஏக்கம். திருமுழுக்குப் பெறவில்லையாம், இறைவனை முறைப்படி வணங்கவில்லையாம். தாந்தேயின் கைபிடித்து நரகமெங்கும் வழிகாட்டும் வர்ஜிலுக்கும் உறைவிடம் அதுவே. அவன் மாண்டதோ கி.மு. 19-இல்! பிறவாத ஏசுவை அவன் எங்ஙனம் அறிவான்?

அங்கே இரக்கம் உண்டா எனில், உண்டு, மனிதனிடத்தில். காதலால் கெட்ட பிரான்செஸ்காவின் கதை கேட்டுத் தாந்தே மயங்கி வீழ்கிறான். குறிசொன்ன குற்றத்திற்காகத் தலை பின்புறமாகத் திருகப்பட்டோரைக் கண்டு அழுகிறான். உடனே கண்டிக்கப்படுகிறான், கண்டிப்பவனோ, தானே தண்டனைக்குள்ளான வர்ஜில்!

கவிஞனுக்கும் உறுத்தியிருக்கிறது. விண்ணுலகப் பகுதியின் 19-ஆம் காண்டத்தில் அவன் உள்ளத்துக் கேள்வி வெளிப்படுகிறது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப்பற்றி அவனுக்குச் சொல்வாரில்லை. சொல்லிலும் செயலிலும் தூயவனாக வாழ்ந்து, திருமுழுக்கின்றி மடிகிறான். அவனைத் தண்டிக்கும் நீதி எது?

சபாஷ் தாந்தே என்றோம். விடை என்ன? ஒரு சாண் தொலைவே காணும் கண்ணை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல நீ யார் என்கிறது நீதியின் கழுகு! வகுப்பிலே மாணவன் வினா எழுப்ப, 'கேட்க நீ யார்?' என்று நாம் சீறினால், வாத்தியாருக்கு விடை தெரியவில்லை என்று கடைசிப் பெஞ்சுக்காரனும் கண்டுகொள்வான். கிறிஸ்துவின் பெயரைக் கூவுவோர் பலரைவிட அவரை அறியாதவன் அவருக்கு அண்மையில் நிற்பான் என்றும் கழுகு சொல்கிறது. நல்ல சொல். ஆனால் சிந்துக்கரையானின் வழக்கு தீரவில்லையே!

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று: தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடுவோரும் மீட்படையலாம். கேட்டவன் மாண்டு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த விடை! கடவுளைத் தேடாமலே நல்லவனாக வாழ்ந்தவன் கதி என்ன? அதை நாம் இன்னும் கேட்கிறோம்.

காவியத்திலோ வர்ஜிலுக்கு மன்னிப்பில்லை. தூய்மைபெறும் மலையின் உச்சியிலே, விண்ணுலகின் வாசலருகே, பெயாத்ரிச்சே தோன்றுகிறாள். அஞ்சிய குழந்தை தாயை நாடுவதுபோல் வழிகாட்டியின் பக்கம் திரும்புகிறான் தாந்தே. வர்ஜில் இல்லை. தாந்தே அழுகிறான். வர்ஜில் போனதற்காக அழாதே என்கிறாள் அவள்.