கொம்பைத் திருப்பி வைக்கும் வேலை

ஒரு வேர்ட் கோப்பை மின்னூலாக்குவது பொத்தானை அழுத்தும் வேலைதானே, காலிபர் மென்பொருள் நொடியில் முடித்துவிடாதா என்று கேட்பார்கள். முடித்துவிடும், கோப்பிலிருக்கும் அழுக்கையும் சேர்த்தே முடித்துவிடும். அத்தியாயத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ள யாரோ தட்டிவைத்த வெற்று வரிகள் தாளில் சரியாகத்தான் இருந்தன. கைபேசித் திரையில் அவை பொட்டல்வெளி. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சான கதையென்றால் வேலை இன்னும் நுட்பம், ரசிக்கவும் அங்கேதான் நிறைய இருக்கிறது. பாமினியில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடு அதை எழுத்துக்குப் பின்னால் சேமிக்கிறது. மாற்றும்போது பிசகினால் 'பொருள்' என்பது 'ெபாருள்' ஆகி, கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைப் பற்றிக்கொண்டு அநாதையாகத் தொங்கும். கைதேர்ந்தவர் இதைச் சொல் சொல்லாகத் திருத்த மாட்டார். பிழை எந்த ஒழுங்கில் பிழைத்திருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்து, தேடி மாற்றும் விதி ஒன்றை எழுதுவார். கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு தானே அடுக்கிக்கொள்வதுபோல நூல் முழுக்கக் கொம்புகள் இடம் திரும்பும்.

பிறகு ஈபப்செக் சோதனை. ஈபப் என்னும் மின்னூல் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் பொதிதான். அதில் மைம்டைப் என்னும் குட்டிக் கோப்பு முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்கவேண்டும். வரிசை மாறினால் சோதனை முரண்டு பிடிக்கும். அந்தப் பிழைச்செய்தி வறட்டு மொழியில் இருந்தாலும் கோளாறு எங்கே என்று காட்டிவிடும், திட்டுகிற நல்ல வாத்தியார்தான். வாசகர் இதையெல்லாம் கவனிப்பாரா என்றால், 'பொருள்' என்று தேடி ஒன்றும் கிடைக்காதவர் கவனிப்பார். திரைவாசிப்பான் அந்த இடத்தில் திக்குவதைக் கேட்கும் பார்வையற்ற வாசகர் அவருக்கும் முன்பே கவனித்திருப்பார்.