ஆரஞ்சுத் தோலும் கொஞ்சம் வினிகரும்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மெடிக்கல் காலேஜ் மாணவர் யாராவது இருந்தால், மார்பகப் புற்றுநோய்க்கு என்ன அடையாளம் என்று கேட்டுப் பாருங்கள். ‘போ டி ஆரஞ்ச்’ என்று பிரெஞ்சில் ஆரம்பிப்பார். மார்பின் தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாக ஆகிவிடுவது. பதில் சரிதான். ஆனால் அந்தத் தோல் கண்ணுக்குத் தெரியும்போது நோய் நன்றாக முற்றியிருக்கும்.

மாணவர் மேல் தப்பில்லை. சர்ஜரி பரீட்சைக்கு ‘கேஸ்’ வைக்கிறார்களே, அதில் கைக்கு நன்றாக அகப்படுகிற கட்டிதான் வரும். ஒரு தொந்தரவும் இல்லாத 40 வயது அம்மாவை உட்காரவைத்து, ‘இவரிடம் என்ன கேட்பாய், எதைப் பார்ப்பாய்?’ என்று மார்க் போட்டால் என்னவாம்? பெரிய ஆஸ்பத்திரி வார்டில் படிப்பவர் கண்ணில் தாமதமாக வந்தவர்கள்தான் படுகிறார்கள்.

சீக்கிரம் கண்டுபிடிக்கக் கோடி ரூபாய் மெஷின் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் 4 சதவிகித அசிட்டிக் ஆசிட் (ஏறக்குறைய சமையலறை வினிகர்!) தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்கள். சந்தேகமான இடம் வெளுத்துக் காட்டும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். 2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. சோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவிகிதம் குறைவு. 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரே நோய்க்கு ஏறக்குறைய 80,000 பெண்கள் இறந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைதான் மேல் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. வாஸ்தவம். அதில் பாசிட்டிவ் என்று வருகிறவரை அடுத்து யாராவது பார்த்தாக வேண்டுமே!

திருவனந்தபுரம் ஆய்வு இன்னும் எளிது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண டிகிரிக்காரர்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவிகிதம் குறைந்ததாக 2005-ல் வெளியிட்டார்கள். அஞ்சரை வருஷம் எம்.பி.பி.எஸ். படிக்கிறவர் எத்தனை வாய்க்குள் டார்ச் அடித்திருப்பார்? வாய் என்றால் டென்டல்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிற வழக்கம் வேறு.

அடுத்த தடவை காய்ச்சல் என்று இளம் டாக்டர் ஒருவரிடம் போனால், நாக்கை நீட்டச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறாரா, நாக்குக்கு அடியிலும் கன்னத்தின் உட்புறமும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். புகையிலை போடுகிறவர் என்றால் நீங்களே கேளுங்கள், ‘சார், இங்கேயும் கொஞ்சம் பாருங்க’ என்று.