முறையிடும் விசுவாசம்

உத்தமன் என்று பெயரெடுத்த யோபு ஒரே நாளில் மந்தைகளையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்தார். பின்பு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண். ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களும் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்ததும், யோபு பாவம் செய்ததால்தான் இந்தக் கதி என்று காரணம் காட்டத் தொடங்கினார்கள். யோபுவோ தாம் பிறந்த நாளைச் சபித்தார். கடவுளையே வழக்காட அழைத்தார். நூலின் கடைசி அதிகாரத்தில் தீர்ப்பு வருகிறது. கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். முறையிட்ட யோபு சரியாகப் பேசினார் என்று கடவுளே சொல்கிறார்.

துன்ப நாளில் கடவுளை நம்புவது எப்படி என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு இருபது நூற்றாண்டுகளாகத் தந்திருக்கும் பதில்கள் பல. அத்தனைக்கும் உரைகல் இந்தத் தீர்ப்புதான்.

மரபின் முதல் பள்ளி சங்கீதப் புத்தகம். அதன் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதம் தொடங்கியதுமே 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்கிறது. புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் தொகுத்தவர்கள் நீக்கவில்லை. சிலுவையில் இயேசு கதறியபோது அவர் வாயில் வந்ததும் 22ஆம் சங்கீதத்தின் முதல் அடியே. கடவுள் கைவிட்டார் என்ற புகாரையும் கடவுளிடமே கொண்டுபோவதுதான் இந்தப் பள்ளியின் பாடம்.

ஜெர்மன் லுத்தரன் திருச்சபை அந்தப் பாடத்தை ஞானப்பாட்டாக்கியது. அதன் தலைமகன் பவுல் கெர்ஹார்ட் (1607–1676). 1618இல் மூண்ட முப்பதாண்டுப் போருக்கு நடுவே வளர்ந்தவர். வழியையெல்லாம் கர்த்தரிடம் ஒப்புவிக்கச் சொல்லும் 37ஆம் சங்கீத வசனத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு சரணத்தின் தொடக்கமாக வரும்படி பன்னிரண்டு சரணங்களில் ஒரு பாட்டு எழுதினார். அது அச்சானது 1653இல். அவருக்குத் திருமணமானது அதன் பிறகுதான். பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கைப் பறிகொடுத்ததும், மனசாட்சிக்கு ஒவ்வாத ஆணையில் கையெழுத்திட மறுத்து 1666இல் பெர்லின் குருப்பணியை இழந்ததும், 1668இல் மனைவியைப் புதைத்ததும் அப்புறம் நடந்தவை. பாட்டை எழுதி முடித்த பிறகு அந்தப் பாட்டின்படி வாழவேண்டியிருந்தது அவருக்கு.

இந்த ஞானப்பாட்டு மரபு தமிழுக்கு வந்த வழி தரங்கம்பாடி. 1706இல் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு அங்கே கரையிறங்கியபின் லுத்தரன் பாடல்கள் தமிழாயின. அவற்றில் பலவற்றை ஆக்கித்தந்தவர் 1740இல் வந்த பப்ரிஷியுஸ் ஐயர். வேதாகமத்தைப் பெயர்த்த அந்தப் பேரறிஞரே முதுமையில் கடன் வழக்கில் சிக்கிச் சிறையிருந்தார். தமிழ் லுத்தரன் சபைகள் இன்றும் துக்க வீட்டில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறக்கின்றன.

கத்தோலிக்க மரபின் வழி வேறு. ஸ்பெயினின் சிலுவை அருளப்பர் 1577 டிசம்பரில் சொந்தச் சபைத் துறவிகளாலேயே தொலேதோ நகரில் அடைக்கப்பட்டார். ஏறக்குறைய ஒன்பது மாதம் ஓர் இருட்டறை. அங்கேயே பாடல்கள் புனைந்தார். கடவுள் மறைந்துபோனதுபோல் தோன்றும் காலத்தை ஆன்மாவின் இருண்ட இரவு என்று விளக்கி, அதுவும் அவரை நோக்கிய பயணமே என்றார். கல்கத்தாவின் அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் அப்படியோர் இருளில் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டும் அவர் பணியை விட்டுவிடவில்லை. தவக்காலத்தில் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் திருச்சிலுவைப் பாதை இதே பயிற்சியைச் சாமானியருக்கும் தருகிறது.

துன்பத்திலும் நிலைக்கும் விசுவாசத்துக்குத் திருநெல்வேலிச் சீமையும் இரண்டு சான்றுகளைத் தந்தது. ஒன்று காப்பியம். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' கதையை முதலாகக் கொண்டு 1894இல் 'இரட்சணிய யாத்திரிக'த்தை வெளியிட்டார். மதப்பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்த ஓர் ஆங்கிலேயரின் கற்பனை, கம்பனில் ஊறிய நாவில் காப்பியமாயிற்று. மற்றொன்று ஒரு படுக்கை. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. நலமாயிருப்பவர்கள் எழுதும் ஆறுதல் நூல்கள் நோயாளிக்கு எட்டுவதில்லை என்று உணர்ந்து, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூலைத் தந்தார்.

கெர்ஹார்டின் ஜெர்மனியிலும் அந்தப் பள்ளி மூடப்படவில்லை. நாஜிகளின் சிறையில் லுத்தரன் போதகர் தீத்ரிக் பொன்ஹோபர் நாள்தோறும் சங்கீதங்களை வாசித்தார். கெர்ஹார்டின் பாடல்களை மனப்பாடம் செய்தார். 1944 டிசம்பரில் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு கவிதையை அனுப்பினார். கசப்பான பாத்திரம் நீட்டப்பட்டாலும் நடுங்காமல் வாங்கிக்கொள்ளத் துணியும் கவிதை அது. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். விடுதலை வரவில்லை, கவிதை மட்டும் ஜெர்மன் சபைகளின் பாட்டுப் புத்தகத்தில் ஏறியது.

இத்தனை பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், துன்ப நாளுக்கான ஒரு போதனையை எடைபோட மூன்று தர அளவுகள் தெளிவாகின்றன. வலியை வலி என்று சொல்ல அது இடம் தருகிறதா? அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்காமல் இருக்கிறதா? கேட்டது கிடைக்காதபோதும் நிற்கிறதா? விசுவாசம் போதாததால்தான் வியாதி தீரவில்லை என்று மேடையிலிருந்து சொல்லும் செழிப்பு உபதேசம் மூன்றிலும் தோற்கிறது. அது யோபுவின் நண்பர்களுடைய பேச்சேதான். ஏற்கெனவே நொந்தவர் தலையில் குற்றவுணர்வையும் ஏற்றிவிடுகிறது.

ஆராதனை முறைகளைத் தொகுப்பவர்களுக்கும் போதகர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. வெள்ளமோ கொள்ளைநோயோ வந்த ஆண்டில் 88ஆம் சங்கீதத்தைச் சபையாகச் சேர்ந்து வாசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் சுகம் பெற்றவர்கள் எழுந்து பேசுகிறார்கள், பேசட்டும். டயாலிசிஸுக்கு வாரந்தோறும் போய்வருகிறவரையும், பிள்ளையைப் பறிகொடுத்து அதற்குப் பின்னும் கடைசி வரிசையில் வந்து உட்காரும் தாயையும், அவர்களுக்கு விருப்பமிருந்தால், அதே ஒலிபெருக்கிக்கு முன் அழைக்க வேண்டும். அவர்கள் பேசி முடித்தபின் யாரும் எழுந்து விளக்கம் சொல்லக் கூடாது.